காற்றில்லாத பாத்திரம்

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கி வந்தேன். மகள் ஜெசிந்தாவை நேற்று மாலை ஆம்புலன்சில் இங்கே கொண்டுவந்துவிட்டோம். அவளும் கணவரும் குடியிருந்த வாடகை வீடு மாடியில் இருக்கிறது. இனி அவளால் படி ஏற முடியாது. மார்பில் கட்டியாகத் தொடங்கியது முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் வந்திருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுச் சாப்பாடும் ஓய்வும் கிடைத்தால் தேறிவிடுவாள்.

வேறு மதத்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள், இருபத்திரண்டு வருடம் கழித்து இந்த வீட்டில் படுத்திருக்கிறாள். கிழக்கு அறை. விரிப்பை நானே போட்டேன். கான்வென்ட் விடுதியில் கற்றபடி மூலைகளை மடித்துச் செருகினேன். அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தேன். இரவு ஒரு சத்தமும் இல்லை.

அவள் கணவரும் வந்திருக்கிறார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். கார் ஷெட்டில் படுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஷெட் சும்மாதான் கிடக்கிறது. நான் வற்புறுத்தவில்லை.

பிப்ரவரி 21, சனி

மரியாயின் சேனைப் பெண்கள் ஏழு பேர் வந்து ஜெபமாலை சொன்னார்கள். தலைவி லில்லிபுஷ்பம் ஜெபம் முடிந்ததும் மேசையிலிருந்த மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெயரை உரக்க வாசித்தாள்.

"இது எதுக்குள்ளது டீச்சர்? எங்க மச்சாளுக்கும் இதத்தான் குடுத்தாவ. பாவம், ஒரு மாசம்தான் இருந்தா."

ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேச்சை மாற்றினேன். என் மகள் வலியையெல்லாம் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறாள், ஒரு முறுமுறுப்பும் இல்லை என்றேன். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகு அவள் கேட்டாள்: "என்னைக் கேக்காம என் வலியை எப்படி மம்மி ஒப்புக்கொடுத்தீங்க? ரசீது ஏதாவது வந்துச்சா?"

இந்த நாக்கு சிறுவயதிலிருந்தே உள்ளது.

பிப்ரவரி 24

டாக்டர் கொடுத்த வலி மாத்திரை வலியைக் குறைக்கிறது, ஆளையும் குறைக்கிறது. இன்று மதியம் என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட்டு, வீட்டுப்பாடம் முடிக்காததற்கு மன்னிப்புக் கேட்டாள். மயக்கம் தெளிந்ததும் நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"அந்த மாத்திரை வேண்டாம் மம்மி. வலிச்சாலும் நான் நானா இருக்கணும். கொஞ்ச நாளுதான்."

கொஞ்ச நாள் என்று அவள் சொன்னது மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி.

பிப்ரவரி 26

அவள் கணவர் என்னிடம் பேசவேண்டும் என்று சமையலறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் தாளில் சுற்றிய பாட்டில்.

"டீச்சர், கோவிச்சுக்கிடப் பிடாது. இது கஞ்சாவுலருந்து எடுத்தது. நம்ம டிரைவர் ஒருத்தர் மலையிலருந்து கொண்டாந்தாரு. அவரு சம்சாரத்துக்கு இதேமாதிரி இருந்துச்சாம். கடைசி வர ஆள் தெளிவா இருந்தாவளாம், சாப்பிட்டாவளாம்."

"குணமாச்சா?"

"இல்ல டீச்சர்."

குணமாகும் என்று பொய் சொல்லியிருந்தால் அவரை அங்கேயே அனுப்பியிருப்பேன். திறந்து பார்த்தேன். கரும்பச்சைத் தார், சாராய நெடி மூக்கை அறுத்தது. எடுத்தவன் அரைகுறையாக எடுத்திருக்கிறான். ஜெசிந்தாவுக்கு வாயெல்லாம் புண். துளி நாக்கில் பட்டதும் துடித்துத் துப்பிவிட்டாள். அடுப்பில் காய்ச்சிச் சாராயத்தைப் போக்கட்டுமா என்று அவர் கேட்டார். வீட்டைக் கொளுத்துவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது என்றேன். அதோடு அந்தச் சூட்டில் மருந்தும் கெட்டுப்போகும்.

இந்த வீட்டில் இப்படி ஒரு பொருள் இருப்பது மறைந்த என் கணவர் அருளப்பனுக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை.

பிப்ரவரி 27

முப்பத்தோரு வருடம் பெண்களுக்கு இயற்பியல் நடத்தியிருக்கிறேன். கண்ணாடி மணி ஜாடிக்குள் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக் காற்றை இறைத்தால், நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். சாராயம் தண்ணீரைவிட எளிதாகக் கொதிக்கும். காற்றை எடுத்துவிட்டால் வெதுவெதுப்பான சூடே போதும்.

காற்று புகாத ஒரு பாத்திரம், ஒரு கண்ணாடி மூடி, ஒரு பம்பு. அவள் கணவரிடம் வரைந்து கொடுத்தேன். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

மார்ச் 2

கனமான பாத்திரம் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் பழைய அலுமினிய இட்லிச் சட்டியோடு வந்தார்.

"இதுக்கு மேல என்ன கனம் வேணும் டீச்சர்? நாலு வீட்டுக்கு இட்லி அவிச்ச சட்டி."

பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றிப் பம்பாக்கியிருந்தார். அதைச் சரியாகவே செய்திருந்தார். சட்டி தாங்காது என்று எனக்குத் தெரியும். சில பாடங்களைப் பார்த்துத்தான் கற்கவேண்டும். ஷெட்டில் வைத்து, வெறும் சட்டியோடு பம்பைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் யாரோ மிதித்ததைப்போலச் சட்டி டமாரென்று உள்ளே நசுங்கியது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"யாரு டீச்சர் அடிச்சது?"

"காத்து. எப்பவும் நம்ம எல்லாரையும் இப்படித்தான் அழுத்திக்கிட்டிருக்கு. உள்ளே இருக்கிற காத்து எதிர்த்து நிக்கறதால நமக்குத் தெரியல."

ஜெசிந்தா தன் அறையிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டாள். சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் சண்டையோன்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்ததுபோலத் தெரிந்தது.

மார்ச் 4

கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் பெரிய பிரஷர் குக்கரின் அடிப்பாகம் கிடைத்தது. மேலே கனத்த கண்ணாடி. இடையில் லாரி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம். பம்பில் பொருத்திய அழுத்தமானியின் முள் பாதிவரை இறங்கியது, நின்றது, திரும்பியது. எங்கோ கசிகிறது.

அவர் சோப்பு நுரை தடவினார். வெளியே போகிற காற்றுக்குத்தான் நுரை குமிழ் விடும். இது உள்ளே இழுக்கிற கசிவு. வீட்டுப் பீடத்திலிருந்து சாம்பிராணி வத்தியைக் கொண்டுவந்து, காலிப் பாத்திரத்தின் விளிம்பை ஒட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றிவந்தேன். ஓரிடத்தில் புகை வளைந்து உள்ளே ஓடியது. ரப்பரை வெட்டியவர் அந்த இடத்தில் கத்தரியை நிறுத்தி மறுபடி தொடங்கியிருக்கிறார்.

"கண்ணுக்கே தெரியலியே டீச்சர்."

"ஒரே வெட்டா வெட்டணும். கை நடுங்கினா வெட்டக்கூடாது."

"அந்நேரம் அவ கூப்பிட்டா. அதான் நிறுத்தினேன்."

வேறு வளையம் வெட்டச் சொன்னேன். இந்த முறை அவள் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 6

முள் இறங்கி நின்றது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தோம், அசையவில்லை. வெந்நீர்த் தட்டின்மேல் சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் மருந்தை வைத்து மூடினோம். கறுப்புத் தாரில் குமிழ் கிளம்பியது, பொங்கியது, கண்ணாடிவரை எழுந்து அடங்கியது. சாராயம் போகிறது. அவள் கணவர் சுடலைமுத்து கைதட்டினார். வகுப்பில் கைதட்டும்போது நான் கண்டிப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று மாலைவரை குமிழ் வந்து, பிறகு நின்றது. நெடி துளியும் இல்லை. தேங்காயெண்ணெயில் கலந்து, காலையில் நாக்கின் அடியில் விட்டேன். துப்பவில்லை.

மதியம் அரைத் தட்டு சோறு சாப்பிட்டாள். வியர்க்காமல் தூங்கினாள். எழுந்து என்னை மம்மி என்றே கூப்பிட்டாள்.

வேளாங்கண்ணிக் கோயில் புனித எண்ணெய் வந்த காலி பாட்டில் ஒன்றைக் கொதிநீரில் கழுவி, மீதியை அதில் ஊற்றி, பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். மருந்து மேசையில் வைத்தால் லில்லிபுஷ்பம் வாசிப்பாள். கஞ்சா என்ற சொல் இந்த வீட்டுக் கேட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

மார்ச் 11

நல்ல நாள். தலையணைகளை அணைகொடுத்து அவளை உட்கார வைத்தோம். சுடலைமுத்து இட்லிச் சட்டி நசுங்கியதை நடித்துக் காட்டினார். அவரே சட்டியாகவும் அவரே காற்றாகவும். அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னைப்போலவும் நடித்தார். நான் அப்படி நடப்பதில்லை.

இப்படியே போனால் ஈஸ்டருக்குள் எழுந்து நடப்பாள்.

மார்ச் 13, வெள்ளி

"கறிக்குழம்பு வேணும் மம்மி. உங்க கைக்குழம்பு. நல்லா மிளகு போட்டு."

வாய்விட்டு எதையாவது கேட்டு எத்தனை மாதமாகிறது. ஆனால் இன்று தவக்கால வெள்ளி. நோயாளிக்கு விலக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும். இந்த வீட்டு அடுப்பில் தவக்கால வெள்ளியில் கறி வெந்ததில்லை.

"நாளைக்குக் காலையிலேயே செய்யறேன்."

"சரி, நாளைக்கு" என்றாள். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

மார்ச் 14, சனி

இதை எழுதுவது கடினம். நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கறி எடுத்து, மிளகு அரைத்து, குழம்பு வைத்தேன். வாசனைக்கு அவள் இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டாள், ஆயிற்றா என்று. இறக்குவதற்கு முன் சேனைப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஜெபமாலை முடித்துவிட்டுச் சாப்பாடு என்று அவளிடம் கண்ணால் சொன்னேன்.

ஜெபம் முடிந்ததும் லில்லிபுஷ்பம் பீடத்தருகே போனாள். "மாதாவுக்குப் பின்னால வேளாங்கண்ணி எண்ணெய வச்சிட்டு, பிள்ளைக்குப் பூசாம இருக்கியளே டீச்சர்" என்று பாட்டிலை எடுத்துவிட்டாள்.

நான் எழுந்தேன். எழுந்தது நினைவிருக்கிறது.

அவள் உள்ளங்கையில் ஊற்றி ஜெசிந்தாவின் நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு இரண்டு கைகளிலும், பாதங்களிலும். "கலர் கொஞ்சம் கறுத்திருக்கே, பழைய எண்ணெய்தான் சக்தி." பிறகு தன் முழங்காலில் தேய்த்தாள். அடுத்தவள் கழுத்தில். பாட்டில் கைமாறிக்கொண்டே போனது. கடைசியில் இருந்தவள் கவிழ்த்துத் தட்டி, விரலைவிட்டு வழித்து, தலையில் தடவிக்கொண்டாள்.

ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து வாசலில் நின்றார். அவர் வாயெடுத்தபோது நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். அது மருந்து, வைத்துவிடு என்று சொல்லியிருந்தால் என்ன மருந்து என்று கேட்டிருப்பாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். இப்போது பத்து பொய்கள் தோன்றுகின்றன. அப்போது ஒன்றும் வரவில்லை. "நன்றி" என்று சொல்லி அவர்களை வழியனுப்பினேன்.

அவர்கள் போனதும் ஜெசிந்தா சிரிக்கத் தொடங்கினாள். "ஏழு பேர் மம்மி. மரியாயின் சேனை முழுக்க கஞ்சா." கண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்திருக்கவேண்டும்.

மாலையில் சிரிப்பு இல்லை. முதுகை வில்லாக வளைத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்தபோது சொன்னாள்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மம்மி."

குழம்பைத் தொடவில்லை. சுடலைமுத்து எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தார்.

மார்ச் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி.

மார்ச் 18

டிரைவர் வடக்கே லோடு ஏற்றிப் போயிருக்கிறார். சுடலைமுத்து காலையும் மாலையும் போன் செய்கிறார். பழைய மாத்திரைக்கே திரும்பியிருக்கிறோம். பாதி நேரம் நான் சிஸ்டர்.

குக்கரைக் கழுவித் துடைத்து, ரப்பர் வளையத்துக்கு வாசலைன் தடவி வைத்தேன். வேறு வேலை இல்லை.

மார்ச் 20

இன்று மாத்திரை வேண்டாம் என்றாள். பகலில் வலி. ஆனால் இரவில் அமைதியாக இருக்கிறாள், அது ஒரு ஆறுதல். கதவு திறந்தேதான் இருக்கிறது. ஒரு முனகல்கூடக் கேட்பதில்லை.

மார்ச் 24

மருந்து வந்துவிட்டது. குக்கரில் வைத்தோம். முள் இறங்கி நின்றது. முதல் தடவையைவிட இழுவை நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமை தயாராகிவிடும்.

மார்ச் 25

பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் கொடுத்தார். இந்த எண்ணெயும் அதே நெற்றியில்தான். அறையை விட்டு வெளியே வந்ததும் கேட்டார்: "எப்படித் தாங்குறாங்க டீச்சர்?"

"ஒரு நாளும் முறுமுறுத்ததில்லை, ஃபாதர். இரவில் ஒரு சத்தம் கிடையாது. எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்துவிட்டாள்."

அவர் என் கையைப் பிடித்து, நல்ல வளர்ப்பு என்றார்.

மார்ச் 26

விடியும்போது ஜெசிந்தா போய்விட்டாள்.

*

இரவு. வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அறையைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

உடலைக் குளிப்பாட்டச் சேனைப் பெண்கள் வந்தார்கள். நைட்டியின் கையை மேலே தள்ளிய லில்லிபுஷ்பம் நிறுத்தினாள்.

"டீச்சர், இது என்ன கயிறு? மணிக்கட்டுல. அவுக கோயில்ல மந்திரிச்சுக் கட்டினதா?" பிறகு மற்றவளிடம், "கத்தரியக் கொண்டா. இதோட கோயிலுக்குள்ள கொண்டுபோகப் பிடாது."

பார்சல் கட்டும் வெள்ளை நூல்கயிறு. மணிக்கட்டில் தளர்ந்த முடிச்சு. அதற்குக் கீழே தோல் தடித்திருந்தது. இரவில் எப்போதும் அவள் முழுக்கை நைட்டிதான் போட்டிருப்பாள். கத்தரியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். கயிறு மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே இறங்கி, ஜன்னல் கம்பி வழியாக வெளியே போயிருந்தது.

பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தேன். கயிறு குறுகிய சந்தின் குறுக்கே போய், ஷெட்டின் உடைந்த காற்றோட்டக் கல் வழியாக உள்ளே போயிருந்தது. ஷெட்டுக்குள் நான் போகும்போதெல்லாம் குக்கரைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன். பாய் எங்கே கிடக்கிறது என்று பார்த்ததில்லை. அது அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது. கயிற்றின் மறுமுனை சுடலைமுத்துவின் கையில் கட்டியிருந்தது. அவர் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"அவிழ்க்கத் தோணல டீச்சர்."

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"வந்த அன்னையிலருந்து. ஒரு இழுப்புன்னா தண்ணி. ரெண்டுன்னா வலி. ஜன்னலுக்கு வெளிய நின்னு கையப் பிடிச்சுக்கிடுவேன். துண்டக் கடிச்சுக்கிடுவா, ஒங்களுக்குக் கேக்கப் பிடாதுன்னு. சில நாளு விடியும் மட்டும் நிப்பேன்."

"என்னை எழுப்பியிருக்கலாம்."

"நானும் சொன்னேன். 'மம்மி என்னைப் பத்தி எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லிட்டாங்க. பொய்யாக்க வேண்டாம்'னுட்டா." கயிற்றை விரலில் சுற்றியபடி, "மூணு இழுப்பும் உண்டு. அது சும்மா" என்றார்.

அவருக்குப் பின்னால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் குமிழ் நின்றுவிட்டது. மருந்து தயார்.

கயிற்றை யாரையும் வெட்டவிடவில்லை. மணிக்கட்டு முடிச்சை நானே அவிழ்த்தேன். நெடு நேரமானது.

மார்ச் 27, வெள்ளி

அடக்கப் பூசை பத்து மணிக்கு. கோயில் நிறைந்திருந்தது, என் பழைய மாணவிகள் நிறைய வந்திருந்தார்கள். பங்குத்தந்தை பிரசங்கத்தில், "நம் சகோதரி ஜெசிந்தா தவக்காலம் முழுவதும் சிலுவையில் கிடந்தார். ஒரு நாளும் முறுமுறுத்ததில்லை. அவரைப் பெற்ற தாயே எனக்குச் சொன்னது" என்றார்.

நான் எழுந்து நின்றேன். அவர் பேச்சை நிறுத்தினார். அழப்போகிறேன் என்று நினைத்திருப்பார்.

"ஃபாதர், அது தப்பு. நான் சொன்னதுதான், ஆனா தப்பு. என் மகளுக்குத் தாங்க முடியாத வலி. ராத்திரியெல்லாம் துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தா. நான் சொல்லிவச்ச பொய்யைக் காப்பாத்தறதுக்காக என்கிட்ட மறைச்சுட்டா. ராத்திரியெல்லாம் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே நின்னது என் மருமகன் சுடலைமுத்து. நான் அடுத்த அறையில தூங்கிக்கிட்டிருந்தேன்."

லில்லிபுஷ்பம் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், உக்காருங்க. மயக்கமா வருதா?"

"இன்னொண்ணு. அன்னைக்கு நீங்க எல்லாரும் பூசிக்கிட்டது வேளாங்கண்ணி எண்ணெய் இல்லை. என் மகளோட மருந்து. கஞ்சா. நானும் மருமகனும் வீட்டுல சுத்தம் பண்ணினது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதனால அவளுக்குக் கடைசி ரெண்டு வாரம் மருந்து இல்லை."

உட்கார்ந்தேன். பங்குத்தந்தை விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். அடக்கப் பூசையில் அது கிடையாது. யாரும் திருத்தவில்லை. எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

சுடலைமுத்து கோயிலுக்குள் இல்லை. குழி சரியாக வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்கக் கல்லறைக்குப் போயிருந்தார்.

மார்ச் 28, சனி

சேனைப் பெண்கள் வரவில்லை.

சுடலைமுத்து காபி வாங்க வந்தபோது சமையலறை வாசலிலேயே நின்றார். "கோயில்ல என்னமோ சொன்னியளாமே டீச்சர். டிரைவருங்க எல்லாம் கேக்காவ."

"ஒரு பிழை இருந்தது. திருத்தினேன்."

 உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். இரண்டு பேரும் காபி குடித்தோம்.

பிற்பகலில் அருளப்பனின் அறையைக் கூட்டித் துடைத்து, கட்டிலில் புது விரிப்புப் போட்டேன். மாலையில் காட்டினேன். கதவருகே நின்று பார்த்தார். விரிப்பு மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார். பிறகு, தப்பாக நினைக்கவேண்டாம், ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். கிழக்கு அறை ஜன்னலை மட்டும் சாத்தவேண்டாம் என்று கேட்டார்.

சாத்தவில்லை. கொசு வருகிறது. வரட்டும்.